உயர்ரக இயர்போன்களை ஒப்பிடுவதும் அவற்றுக்கு அம்ப் தெரிவுசெய்வதும்: மலையகத்தில் கேட்பவர்களுக்கான கேள்வி பதில்

இங்கே இயர்போன் என்று சொல்வது காதுத் துவாரத்தை அடைத்துக்கொண்டு உட்காரும், வயர் உள்ள வகையை. கடையில் ‘ஹேண்ட்ஸ்ப்ரீ’ என்று கேட்டால் எடுத்துத் தருவதும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். விலையும் உள்ளே இருந்து ஒலி எழுப்பும் டிரைவர்களும்தான் வேறு. அம்ப் என்பது அந்த டிரைவர்களை ஓட்ட மின்சிக்னலைப் பெருக்கித் தரும் அம்ப்ளிஃபையர். வயர் இல்லாத இயர்பட் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே உண்டு.

போனில் மாட்டினாலே சத்தம் தாராளமாக வருகிறது. பிறகு அம்ப் எதற்கு?

சத்தத்துக்காக என்றால் வேண்டாம். சென்ஹைசர் ஐஇ 600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 வோல்ட் கொடுத்தால் 118 டெசிபல் என்கிறது அதன் விவரக்குறிப்பு. வோல்ட் பத்தில் ஒன்றானால் 20 டெசிபல் குறையும், ஆகவே 0.1 வோல்ட்டில் 98. நிதானமாகக் கேட்பவருக்குப் பாட்டின் சராசரி 70, 75 டெசிபலில் நிற்கும். தவில் அடி மாதிரியான உச்சங்கள் அதற்கு மேலே 15, 20 ஏறும். அப்படிப் பார்த்தாலும் 0.1 வோல்ட் போதும். போனின் யூஎஸ்பி வாயில் செருகி இயர்போன் மாட்டும் விரல் நீள டொங்கிள் ஒன்று 1 வோல்ட் தருகிறது.

அம்ப் வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் வேறு. போனில் ஜேக் இல்லாமல் இருக்கலாம். பாட்டு நின்ற பிறகும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கலாம். போனின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஓம் கணக்கில் அளக்கும் மின்தடை, கீழே விளக்கம் உண்டு) கூடுதலாக இருந்து இயர்போனின் குணத்தையே மாற்றலாம். ஒரு படி கூட்டினால் காது வலிக்கிறது, ஒரு படி குறைத்தால் போதவில்லை என்ற தொல்லை இருக்கலாம். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து இரண்டு இயர்போன்களை ஒப்பிடலாமா?

அலகைப் பார்க்காமல் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கு எவ்வளவு என்று போடுகின்றன, சில 1 வோல்ட்டுக்கு. எட்டிமோட்டிக் இஆர்4எஸ்ஆருக்கு 0.1 வோல்ட்டில் 96 டெசிபல் என்று கொடுத்திருக்கிறார்கள். 20 கூட்டினால் 1 வோல்ட்டுக்கு 116.

மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக மாற்ற, இம்பீடன்ஸ் 8 ஓம் என்றால் 21ஐக் கூட்டுங்கள். 16 ஓமுக்கு 18, 32 ஓமுக்கு 15, 64 ஓமுக்கு 12, 100 ஓமுக்கு 10. எல்லாவற்றையும் வோல்ட் கணக்குக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பீடு.

‘பிளேனருக்கு (தட்டையான மென்தகட்டைக் காந்தங்களால் அசைக்கும் டிரைவர் வகை) நிறையக் கரண்ட் வேண்டும், பெரிய அம்ப் இல்லாமல் ஓடாது’ என்ற பேச்சையும் இதே கணக்கில் சோதிக்கலாம். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 102 டெசிபல் உள்ள பிளேனர் இயர்போன் ஒன்றை வைத்துக்கொள்வோம். வோல்ட்டுக்கு 120. உச்சம் 105 டெசிபல் வேண்டுமென்றால் 0.18 வோல்ட், 11 மில்லிஅம்பியர், 2 மில்லிவாட். டொங்கிளுக்கு இது பெரிய வேலையே இல்லை. காதை மூடும் பெரிய பிளேனர் ஹெட்போன்களுக்குப் பொருந்தும் அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

வெளியீட்டு இம்பீடன்ஸ் என்றால் என்ன? அதை ஏன் பெரிதாகப் பேசுகிறார்கள்?

அம்ப்பின் உள்ளே இருக்கும் மறைமுகத் தடை அது. இயர்போனுடன் தொடராக நின்று வோல்ட்டில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும். எடுக்கும் பங்கு எல்லா மீடிறனிலும் ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை, சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் ‘பேலன்ஸ்ட் ஆர்மேச்சர்’ என்ற மிகச் சிறிய டிரைவர்கள் பலவற்றை, ஒலியை அவற்றுக்குப் பங்கிடும் கிராஸ்ஓவர் சுற்றுப் போட்டு இணைத்த இயர்போன்களில் இம்பீடன்ஸ் மீடிறனுக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

ஒரு இடத்தில் 8 ஓம், இன்னொரு இடத்தில் 40 ஓம் என்று வையுங்கள். அம்ப்பின் இம்பீடன்ஸ் 10 ஓமாக இருந்தால் 8 ஓம் இடத்தில் 7 டெசிபல் போய்விடும், 40 ஓம் இடத்தில் 2 மட்டும் போகும். இடைவெளி 5 டெசிபல். ஈக்வலைசரில் 5 டெசிபல் தள்ளிப் பாருங்கள், வேறு இயர்போன் மாதிரி இருக்கும். அதே அம்ப் 1 ஓம் என்றால் இடைவெளி 0.8 டெசிபல்தான்.

இயர்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய கைக்கணக்கு. 16 ஓமுக்கு 2 ஓம். பல டிரைவர் வகைக்கு 1 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. ஒற்றை டைனமிக் டிரைவரிலும் (சுருளும் மென்தகடும் உள்ள சாதாரண வகை) பிளேனரிலும் இம்பீடன்ஸ் ஏறத்தாழ நேர்கோடாக ஓடுவதால் அவை இதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கேபிளின் தடையும் இதே கணக்கில் சேரும். ‘கேபிள் மாற்றினேன், ஒலி மாறிவிட்டது’ என்பதில் உண்மை இருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். மற்றபடி கேபிளுக்குச் செலவழிப்பது அழகுக்காக.

இரவில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். இயர்போன் பழுதா?

பெரும்பாலும் பழுதல்ல. இயர்போன் மிகவும் உணர்திறன் கூடியது, அம்ப்பின் சொந்த இரைச்சல் அதில் தெரிகிறது. கேம்ப்ஃபயர் ஒடியோவின் அன்ட்ரோமெடா இதற்குப் பேர்போனது. 94 டெசிபலுக்கு அதற்கு 7.01 மில்லிவோல்ட் போதும், வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 137 டெசிபல். அம்ப்பின் இரைச்சல் 5 மைக்ரோவோல்ட் என்றால் காதில் 31 டெசிபலாக விழும். தோட்டத்து இரவு அமைதியில் அது நன்றாகவே கேட்கும். ஹட்டன் பஸ்ஸுக்குள் கேட்கவே கேட்காது. 1 மைக்ரோவோல்ட் தரமுள்ள அம்ப் என்றால் 17 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

செய்ய வேண்டியது: முதலில் அம்ப்பின் பெருக்கத்தைக் குறைக்கும் ‘லோ கெயின்’ போட்டுப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரைச்சல் மாறாமல் இருந்தால் அது அம்ப்பின் வெளியீட்டுப் பகுதியுடையது, அம்ப்பை மாற்றாமல் தீராது. சத்தத்துடன் சேர்ந்து இரைச்சலும் ஏறினால் அதற்கு முந்திய பகுதியிலிருந்தோ பாட்டின் பதிவிலிருந்தோ வருகிறது. இடையில் செருகும், சிக்னலைத் தணிக்கும் அட்டெனுவேட்டர் இரைச்சலைக் குறைக்கும், ஆனால் அதற்கும் ஒரு வெளியீட்டு இம்பீடன்ஸ் உண்டு, மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும். உணர்திறன் கூடிய இயர்போனுக்கு வலுவான அம்ப் தேடுவது, தேயிலைக் கொழுந்தை அளக்க லொறித் தராசு தேடுவது போல.

இரண்டு அம்ப்களை நியாயமாக எப்படி ஒப்பிடுவது?

சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு வீண். அரை டெசிபல் கூடியதைக் காது ‘சத்தம்’ என்று உணராது, ‘தெளிவு’, ‘பேஸ் கூட’ என்று உணரும்.

தேவை: ஒரு மல்டிமீட்டர், 3.5 மில்லிமீற்றர் ஒய் பிரிப்பான் ஒன்று, 400 ஹேர்ட்ஸ் சைன் ஒலி (ஒரே சுருதியில் சீராக ஒலிப்பது) உள்ள கோப்பு. மல்டிமீட்டரில் ஒரு பொறி உண்டு. மலிவான மஞ்சள் நிற டிடி-830 வகையில் ஏசி அளவு 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது, நமக்கு வேண்டிய 0.1 வோல்ட்டை அது காட்டாது. ஏசி மில்லிவோல்ட் அல்லது 2 வோல்ட் வரம்பு உள்ளதைத் தேடுங்கள். சாதாரண மீட்டர்கள் உயர்ந்த மீடிறன்களில் பிழையாகக் காட்டும் என்பதால்தான் 400 ஹேர்ட்ஸ்.

பிரிப்பானின் ஒரு வாயில் இயர்போனை மாட்டுங்கள், காதில் போடாமல். இயர்போன் இணைந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும், வெறும் அம்ப்பை அளந்தால் வெளியீட்டு இம்பீடன்ஸின் பாதிப்பு கணக்கில் வராது. மற்ற வாயில் ஒரு வெற்று ஜேக்கைச் செருகி அதன் நுனியிலும் அடிப்பகுதியிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். நுனியையும் நடு வளையத்தையும் ஒன்றாகத் தொட்டுவிடாதீர்கள், இரண்டு சனலும் ஷோர்ட் ஆகும். முதல் அம்ப்பில் 100 மில்லிவோல்ட் என்றால் இரண்டாவதை 99க்கும் 101க்கும் இடையில் கொண்டுவாருங்கள். அது 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும். சத்தப் படிகள் அவ்வளவு நுணுக்கமாக இல்லையென்றால் பிளேயர் அப்பின் ஈக்வலைசரில் உள்ள ‘பிரீஅம்ப்’ அளவை 0.1 டெசிபல் படியாக நகர்த்துங்கள்.

பிறகு இன்னொருவர் உங்களுக்குத் தெரியாமல் மாற்றித்தர, பத்துத் தடவை எது எது என்று சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் 9 அல்லது 10 சரியாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். 7 சரி என்றால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. வெளியீட்டு இம்பீடன்ஸும் இரைச்சலும் குறைந்த இரண்டு அம்ப்களைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் காதில் பிழையில்லை. மலிவானதை வாங்கலாம் என்று அர்த்தம்.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடவும் இதே முறையா?

இல்லை. ஒரே வோல்ட்டில் இரண்டும் வேறு வேறு சத்தம் தரும், மீட்டர் உதவாது. போன் மைக்கின் துவாரத்தோடு ஒரு சிறு இறப்பர்க் குழாயை இறுக்கமாகப் பொருத்தி, மறுமுனையில் இயர்போனைச் செருகி, 500 முதல் 2000 ஹேர்ட்ஸ் வரையுள்ள இரைச்சல் கோப்பை ஓட்டி, சத்தம் அளக்கும் அப்பில் இரண்டு எண்ணும் ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். அந்த எண் உண்மையான டெசிபல் அல்ல. இரண்டும் சமமா என்பதற்கு மட்டும் அது போதும்.

அதைவிட முக்கியம் இயர்டிப், அதாவது காதுக்குள் போகும் மென்மையான முனை. சிலிக்கன் டிப் காதை முழுதாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ். ஒரு இயர்போனுக்குச் சரியான டிப், இன்னொன்றுக்குத் தொளதொள டிப் என்றால் நீங்கள் ஒப்பிட்டது டிப்பைத்தான். காதுக்கு வெளியே மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் அடைப்பு போதாது, ஒரு அளவு பெரியதை எடுங்கள். வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வேறு அளவு தேவைப்படுவது வழமை. ஒடுங்கிய துவாரமுள்ள டிப் மேல் ஒலியைச் சற்றுத் தணிக்கும், அகன்றது திறந்துவிடும்.

இணையத்தில் போடும் கிராஃப்களை நம்பலாமா?

பாதி தூரம். எந்த மீடிறனில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் இந்தக் கிராஃப்களில் பெரும்பாலானவை ஐஇசி 60318-4 தரத்தை ஒட்டிய செயற்கைக் காதில் எடுத்தவை. ஒரே கருவியில் எடுத்த இரண்டு கிராஃப்களை மட்டும் ஒப்பிடுங்கள். 8 கிலோஹேர்ட்ஸ் அருகே தெரியும் கூர்மையான மேடு பல சமயம் அந்தச் செயற்கைக் காதின் குழாயில் எழும் பரிவு. இயர்போனை எவ்வளவு ஆழமாகச் செருகினார்களோ அதற்கேற்ப இடம் மாறும், உங்கள் காதிலும் வேறு இடத்தில் வரும். அதற்கு மேலே உள்ளதை வைத்து ‘காற்றோட்டம்’ பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம். 3 கிலோஹேர்ட்ஸ் அருகே உள்ள ஏற்றம் குறையல்ல. திறந்த காதுக்கு இயல்பாக இருக்கும் பரிவு இயர்போனால் அடைபடும்போது, அதை ஈடுசெய்ய வேண்டுமென்றே வைப்பது.

எந்த ஒலிகளை வைத்துச் சோதிப்பது?

நேரில் கேட்டு மனதில் பதிந்த ஒலிகளை. மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் தப்பு அடிப்பதைக் கிட்ட நின்று கேட்டவருக்குக் குச்சி படும் ‘சட்’ எப்படி, தோலின் அதிர்வு எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குச்சி மட்டும் கேட்டுத் தோல் கேட்காவிட்டால் பேஸ் போதாது. தோல் மட்டும் மொத்தையாக நின்றால் மேல் மத்திய பகுதி தாழ்ந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: திருவிழாவில் போனில் எடுத்த வீடியோவை வைத்துச் சோதிக்காதீர்கள். மைக் தாங்காமல் கிழிந்த ஒலி அந்தக் கோப்பிலேயே இருக்கும், இயர்போனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நாதஸ்வரம் மேல் மத்திய பகுதிக்கு நல்ல பரீட்சை. 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் தூக்கலாக இருந்தால் பத்து நிமிடத்தில் சத்தத்தைக் குறைக்கக் கை போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பசை பூசியிருப்பதால் அதன் மேற்சுரங்கள் ஏறத்தாழ முழு எண் விகிதத்தில் அமைகின்றன. சி. வி. ராமன் 1920இல் எழுதிய விடயம் இது. அந்த மேற்சுரங்களின் அளவு மாறினால் நாதம் வேறான மிருதங்கம் மாதிரித் தோன்றும். தம்புராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா என்ற நூலால் வரும் ரீங்காரம் உயர் ஒலிக்குச் சோதனை. நல்ல இயர்போனில் அது நூல் நூலாகப் பிரியும், மோசமானதில் ஒரே இரைச்சல்.

தகரக் கூரையில் மழை அடிக்கும்போது ஒப்பீட்டை ஒத்திவையுங்கள். இலேசான மழைகூட உயர் ஒலி நுணுக்கங்களை மூடிவிடும், உங்களை அறியாமல் சத்தத்தையும் ஏற்றிவிடுவீர்கள். வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்.

நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கினால் பேஸ் குறைந்தது போல இருக்கிறது. ஏன்?

காது அடைத்திருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை என்று பஸ் இறங்க இறங்க வெளியழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும். இறுகிய செவிப்பறை தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் இழக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். தடிமன் இருந்தால் அடைப்பு ஒரு நாள்கூட நிற்கும். கொழும்பில் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்து வாங்குபவர் இறங்கிய கையோடு கேட்காமல், காது திறந்த பிறகு கேட்க வேண்டும். இறங்கும் வழியில் முன்பக்கத் துவாரம் இல்லாத இயர்போனைப் போட்டிருந்தால் இடைக்கிடை கழற்றி மாட்டுங்கள். அடைபட்ட காற்றின் அழுத்தம் டிரைவரின் மென்தகட்டை அழுத்தி ‘கிரிக்’ என்ற சத்தம் வரும்.

காலையில் ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருக்கிறது, பகலில் சரியாகிவிடுகிறது. என்ன கோளாறு?

ஈரம். குளிர்ந்த உலோகக் கூட்டைச் சூடான காதில் செருகும்போது நுனியிலுள்ள வலையில் நீர் படியும். வலைக் கண் ஒன்று அடைந்தாலே அந்தப் பக்கம் உயர் ஒலி குறையும். முழுதாக அடைந்தால் பக்கமே தாழ்ந்துவிடும்.

உறுதிசெய்ய: இரண்டு துண்டையும் காது மாற்றிப் போடுங்கள். மந்தம் அதே காதில் நின்றால் காதுக் குறும்பியோ அடைப்போ. துண்டோடு சேர்ந்து நகர்ந்தால் கேபிளின் வலம் இடத்தை மாற்றி மாட்டுங்கள். இப்போது மற்றத் துண்டு மந்தமானால் கேபிள்தான் காரணம். கேபிளைக் கழற்றி மாட்ட உதவும் எம்எம்சிஎக்ஸ் இணைப்பிகளில் ஈரத்தால் களிம்பு பிடித்துக் கரகரப்பது மலையகத்தில் எதிர்பார்க்க வேண்டியதே. ஐசோப்ரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். இரண்டு சோதனையிலும் அதே துண்டு மந்தம் என்றால் அதன் வலை.

காற்றுப் புகாத சிறு டப்பாவில் 10 கிராம் சிலிக்கா ஜெல்லுடன் இரவில் மூடி வையுங்கள். செம்மஞ்சள் நிற மணிகள் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது, காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், அவற்றைச் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் கூடாது, தவிட்டுத் தூள் வலையில் ஏறும். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும். அடுப்பங்கரையில் வைத்தால் ஒட்டுப்பசை இளகும்.

ஃபோம் டிப் பாவிப்பவர்களுக்கு: குளிரில் ஃபோம் விறைத்து மெதுவாக விரியும். உள்ளங்கையில் ஒரு நிமிடம் சூடாக்கி, உருட்டிச் செருகி, 30 விநாடி பிடித்திருங்கள்.

4.4 மில்லிமீற்றர் பேலன்ஸ்ட் ஜேக் நல்லதா?

இரண்டு சனலுக்கும் தனித்தனி எதிர்முனை உள்ள ஜேக் இது. கூடுதல் வோல்ட் தரும், பொதுவாக இரட்டிப்பு, அதாவது 6 டெசிபல். வெளியீட்டு இம்பீடன்ஸும் இரட்டிக்கும், இரைச்சல் கூடவும் கூடும். முதல் கேள்வியின் கணக்கைப் பார்த்தால் அந்த 6 டெசிபல் யாருக்கு வேண்டும் என்று தெரியவில்லை. வயரின் நுனி 4.4ஆக இருந்து அம்ப் 3.5ஆக இருந்தால் இடையில் அடப்டர் போடலாம், ஆபத்தில்லை. மறுபக்கம் மட்டும் செய்யாதீர்கள்: 4.4 வெளியீட்டில் அடப்டர் போட்டு 3.5 இயர்போனை மாட்டினால் இரண்டு சனலின் எதிர்முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து அம்ப் எரியலாம்.

அப்பிள் டொங்கிளை அன்ட்ரொயிட் போனில் போட்டால் சத்தம் குறைவு. பழுதா?

பழுதில்லை. ஐரோப்பியச் சந்தைக்கான டொங்கிள் 0.5 வோல்ட்தான் தரும், மற்றது 1 வோல்ட். அதோடு பல அன்ட்ரொயிட் போன்கள் டொங்கிளின் உள் சத்த அளவைக் கீழேயே விட்டுவிடுகின்றன. டொங்கிளை நேரடியாகக் கையாளும் யூஎஸ்பி பிளேயர் அப் ஒன்றில் சத்தத்தை முழுதாக ஏற்றினால் சரியாகும். முதல் தடவை இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

வயர் இல்லாத இயர்பட்டுக்கு அம்ப் போடலாமா?

முடியாது. டிஜிட்டல் கோப்பை மின்சிக்னலாக மாற்றும் டிஏசியும் அம்ப்பும் அதன் உள்ளேயே இருக்கின்றன. உங்களால் மாற்றக் கூடியது கோடெக் (புளூடூத்தில் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறை), ஈக்வலைசர், டிப். எல்டாக் என்ற கோடெக் விநாடிக்கு 990 கிலோபிட் வரை போகும், ஆனால் நெரிசலில் போன் அதைத் தானாகவே குறைத்துவிடும். டிப்பைச் சரியாகத் தெரிவுசெய்வதால் வரும் மாற்றம் கோடெக்கால் வருவதைவிடப் பெரிது.

மேசை அம்ப் போட்டால் ‘ம்ம்’ என்ற உறுமல், கை வைத்தால் மெல்லிய ஷொக். என்ன செய்வது?

இரண்டு முள் அடப்டர்களில் 230 வோல்ட் பக்கத்திலிருந்து சிறு கொள்ளளவி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாத இடத்தில் அதற்குப் போக்கிடம் உங்கள் உடம்பும் இயர்போன் வயரும்தான். பழைய லயக் காம்பராக்களில் நிலத்தொடுப்பு ஒழுங்காக இல்லாத வயரிங்கில் இது அதிகம் தெரியும். லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் அதுதான். அம்ப்பையும் லெப்டொப்பையும் நிலத்தொடுப்புள்ள ஒரே மூன்று முள் பிளக் வரிசையில் போட்டால் பெரும்பாலும் தீரும். உறுமலை நிறுத்த நிலத்தொடுப்பு முள்ளைக் கழற்றிவிடும் வேலை மட்டும் வேண்டாம், உயிராபத்து. இழை போன்ற நடுக்கம் உணர்வதோடு நிற்காமல் நன்றாகவே ஷொக் அடித்தால் அது கசிவல்ல, வயரிங் கோளாறு. மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

பட்டரியில் ஓடும் சிறு அம்ப்போ போனில் தொங்கும் டொங்கிளோ என்றால் இந்தச் சிக்கலே இல்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும்போது ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்ற வேண்டியதும் இல்லை.